இடம் காத்த பதினெட்டு மாதம்

அந்த அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது. அறுபத்தைந்து வயதானவர்களை அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர்க்கும் இடத்தை லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் உச்சியில் வைத்தவர் யாரோ, நல்ல ஆரோக்கியத்தோடு இருந்திருக்க வேண்டும். நாற்பத்திரண்டு படி. உருளைக்காரி ஆறு படிக்கு ஒருமுறை சுவரில் சாய்ந்து நின்று ஏறினாள். நிற்கும்போதெல்லாம் பைக்குள் கையை விட்டு எதையோ தேடுவது போல் பாவனை செய்தாள். மூச்சு வாங்குகிறவளைப் போகிறவர் வருகிறவரெல்லாம் பரிதாபமாகப் பார்ப்பார்கள். காகிதம் தேடுகிறவளை யாரும் பார்ப்பதில்லை.

உருளைக்காரி என்பது பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் அவளுக்கு விழுந்த பேர். அங்கே நீராவியில் சூடேறிச் சுழலும் ஆள் நீள உருளை ஒன்று உண்டு. ஈரம் முழுதும் போகாத படுக்கை விரிப்பை இந்தப் பக்கம் இருவர் முனை பிடித்து நுழைத்தால் அந்தப் பக்கம் மொடமொடவென்று தகடு மாதிரி வெளியே வரும். நுழைக்கிற வேலைதான் அவளுடையது. அவள் நுழைத்த விரிப்பில் சுருக்கம் பார்த்தவர் இல்லை. இதைப் பெரிய புகழ்ச்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வேலையைக் குறைவாகச் செய்தவர்களுக்கு விரல்களும் குறைவாக இருந்தன.

சலவைக் கூடத்தை விட்டுப் பத்து வருஷமாயிற்று. இப்போது நெஞ்சுக்குள் ஒரு கதவு சரியாக மூடவில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாற்ற வேண்டும், ஒரு வருஷத்துக்குள் மாற்றினால் நல்லது, காப்பீட்டுக் கார்டு இருக்கிறதா என்று கேட்டார். "அறுபத்தஞ்சு ஆயிடுச்சு டாக்டர், எடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டு வந்தவள்தான் இந்தப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அதிகாரியம்மாள் நல்ல மனுஷி. எதைக் கேட்டாலும் முதலில் "புரியுதும்மா" என்பாள். அதற்குப் பிறகு சொல்வதுதான் கஷ்டமாக இருக்கும்.

"நூத்தி நாலு மாசம் வேலை பாத்ததாதாம்மா உங்க பேர்ல பதிவு இருக்கு. கார்டுக்கு நூத்தி இருபது வேணும்."

"நான் சின்ன வயசுலேர்ந்து வேலை பாக்கறேன்மா."

"புரியுதும்மா. வேற எங்க பாத்தீங்க?"

"நாலு வீட்ல பாத்திரம் தேச்சேன். ரெண்டு வீட்ல துணி."

"அவங்க காப்பீட்டுக்குப் பிடித்தம் பண்ணாங்களா?"

"பண்ணாங்க. கண்ணாடித் தம்ளர் உடைஞ்சப்பல்லாம் பண்ணாங்க."

அதிகாரியம்மாள் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தாள். "பதினாறு மாசம் குறையுதும்மா."

உருளைக்காரி தடுப்பின் துவாரத்துக்குக் கிட்டே குனிந்தாள். பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கக் கூடாது. "இன்னும் பதினெட்டு மாசம் பாத்திருக்கேன்மா. அதே உருளையில. வருகை அட்டை மட்டும் என்னுதில்ல, என் நாத்தனாரோடது."

அதிகாரியம்மாள் பேனாவை வைத்தாள். "ஆதாரம் இருந்தா மனு குடுங்க. அவங்களையும் வரச் சொல்லி விசாரிப்போம். பிறந்தநாள் தாண்டி மூணு மாசத்துக்குள்ள முடிக்கணும். உங்களுக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. விட்டா அடுத்த வருஷம்தான்."

அடுத்த வருஷம் என்ற சொல்லை அவள் எல்லோரிடமும் சொல்லும் அதே குரலில்தான் சொன்னாள்.

அந்தப் பதினெட்டு மாதக் கதை இது. சலவைக் கூடத்தில் தொடர்ந்து பத்து நாள் வராதவளுக்கு வேலை போய்விடும். ஆகவே, பிரசவமோ படுக்கையோ வந்தால், வீட்டிலிருந்து இன்னொருத்தி அதே வருகை அட்டையை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள். இதற்கு 'இடம் காக்கிறது' என்று பேர். அழுக்குத் துணிக்குப் பயந்து எல்லோரும் கண் மட்டும் தெரியத் தலையையும் வாயையும் கட்டியிருப்பார்கள். யார் யாரென்று தெரியாது. தெரிந்தாலும் சூப்பர்வைசர் கேட்க மாட்டார். "எனக்கு உருளைக்கு நாலு கை வேணும். யார் கைன்னு நான் ஏன் பாக்கணும்?" என்பார்.

நாத்தனார் அங்கே ஒன்பது மாதம் வேலை பார்த்த நிலையில், அவள் புருஷன் வேறு ஊரில் துணிக்கடை போட்டான். கல்லாவில் உட்கார ஆள் வேண்டும் என்று அவளையும் கூட்டிக்கொண்டு போனான். கடை முழுகினால் திரும்பி வர ஒரு இடம் இருக்கட்டுமே என்று அவள் தன் அட்டையை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அண்ணன் அதைப் பெண்டாட்டியிடம் நீட்டினார். "என் தங்கச்சி இடம் போயிடக் கூடாது. நீ போய் நில்லு." அவள் போய் நின்றாள். பதினெட்டாவது மாதம் கடை முழுகியது. நாத்தனார் கன்னம் உப்பித் திரும்பி வந்தாள். கைதேர்ந்தவளை விட மனமில்லாமல் சூப்பர்வைசர் அன்றைக்கே இவளுக்கும் தனி அட்டை போட்டுக் கொடுத்தார். அதன் பிறகு இருவரும் அக்கம்பக்கமாக நூற்று நான்கு மாதம் வேலை பார்த்தார்கள். ஆஸ்பத்திரி சலவையை வெளியாளிடம் கொடுத்த அன்று இருவரையும் ஒன்றாக வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கார்டு உண்டு. ஒரு தலைவலிக்குக்கூட அதை இன்னும் வெளியே எடுத்ததில்லை.

"என்னங்க, அந்தப் பதினெட்டு மாசத்த எம் பேருக்கு மாத்தணுமாம்."

"எந்தப் பதினெட்டு மாசம்?"

"உங்க தங்கச்சி கடை வைக்கப் போனப்ப."

நகம் ஒன்று தெறித்துச் சுவரோரம் விழுந்தது. "அது குடும்பத்துக்குச் செஞ்சது. அதப் போயி ஆபீஸ்ல சொல்லிக்கிட்டு."

"இந்த நெஞ்சும் குடும்பத்துக்குத்தான் அடிச்சுது."

"அவளுக்கு அடுத்த மாசம் இன்னொரு கால் ஆபரேஷன். தெரியும்ல?"

"எனக்கு எப்பங்க ஆபரேஷன்?"

அவர் அடுத்த விரலுக்குப் போனார். "உனக்கென்ன, நீ நடந்துக்கிட்டுதான இருக்க."

அவர் கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, குடித்ததில்லை. இரண்டு பெண்களில் யாருக்கு வலி அதிகம் என்று முடிவு செய்ய வேண்டி வந்தால், சத்தமாகக் கத்துகிறவளுக்கு என்று அவர் எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தார். நாற்பது வருஷத்தில் இவள் ஒருமுறையும் கத்தியதில்லை.

நாத்தனார் வீடு தரைத்தளத்தில். கூடத்தில் சுவரைப் பார்த்துப் போட்ட சாய்வு நாற்காலியில், வலது முழங்காலை முக்காலி மேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அந்த முழங்கால் கார்டில் மாற்றியது. வருகிறவர்களுக்கெல்லாம் தையல் தழும்பைக் காட்டி, "இது அரசாங்கக் கால், அது சொந்தக் கால். சொந்தம்தான் எப்பவும் வலிக்கும்" என்று சொல்லிச் சிரிப்பாள். வயதில் இரண்டு வருஷம் மூத்தவள். ஆனால் அண்ணன் பெண்டாட்டி என்பதால் இவளை 'அண்ணி' என்றும் 'நீங்க' என்றும்தான் அழைப்பாள். அந்த மரியாதையை வைத்துக்கொண்டே அவளால் தோலை உரிக்க முடியும்.

"வாங்க அண்ணி. என்ன, மூஞ்சி வெளுத்த விரிப்பாட்டம் இருக்கு?"

உருளைக்காரி உட்கார்ந்தாள். மூச்சு அடங்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். "நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். அந்தப் பதினெட்டு மாசம் நான்தான் நின்னேன்னு."

"போட்டா எனக்கு எவ்வளவு மிஞ்சும்?"

உருளைக்காரி பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"சும்மா சொல்லுங்க. நீங்க கணக்குப் பாக்காம வர்ற ஆளா?"

"நூத்திப் பதிமூணு."

"ஏழு மாசம் குறையுது." நாத்தனார் மெல்லத் தலையாட்டினாள். "ஆக, என் காலை வெட்டி உங்க நெஞ்சுக்கு ஒட்டுப் போடணும். நல்ல ரோசனைதான்."

"கால் முடியலன்னா உக்காந்துக்கலாம். இது அப்படியில்ல. ஒரு வருஷம்னு டாக்டர் சொல்றாரு."

"டாக்டர் சொல்றது இருக்கட்டும். நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. நீங்க போயிட்டீங்கன்னா அண்ணன் ரெண்டு மாசம் அழுவாரு. மூணாவது மாசம் உங்களவிட நல்லா சமைக்கிறவ ஒருத்தி வந்துடுவா. நான் எந்திரிக்க முடியாமக் கெடந்தா, மருமக கொண்டாந்து வைக்கிற தட்டுக்குக் காத்துக்கிட்டு, அவ மூஞ்சிய நாள் பூரா பாக்கணும். இதுல எது கொடுமைன்னு நீங்களே சொல்லுங்க அண்ணி."

உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் ஒரு நொடி நின்று மறுபடி தொடர்ந்தது.

உருளைக்காரி எப்போதும் முழுக்கைச் சட்டைதான் போடுவாள். இப்போது இடது கையை மேலே சுருட்டினாள். மணிக்கட்டுக்கு மேலிருந்து முழங்கை வரை உள்ளங்கை அகலத்துக்குத் தோல் பளபளவென்று சுருங்கி இறுகியிருந்தது. அதன் ஒரு பக்க விளிம்பு கோடு போட்டாற்போல் நேராக இருந்தது. "இது உங்க அட்டைக்கு வெந்த கை."

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள். "நான் வேகச் சொன்னேனா? நான் நின்னிருந்தா வெந்திருக்காது. ஒழுங்கா நுழைச்சிருப்பேன்."

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டவள் அந்தக் கடைசி வாக்கியத்தைப் பொறுக்கவில்லை. தான் சாவதைப் பற்றிச் சொன்னதைக்கூட விட்டிருப்பாள். அவளுக்கு உலகத்தில் சொந்தமாக இருந்தது ஒரே ஒரு பெருமை, அதில் நாத்தனார் காலை வைத்துவிட்டாள். இடம் காத்த பதினாறாவது மாதத்தில், மறுமுனை பிடித்தவள் தும்மிக் கையை விட்டுவிட்டாள். இவளும் விட்டிருக்கலாம். விட்டிருந்தால் விரிப்பு சுருண்டு உருளை நின்றிருக்கும், உருளை நின்றால் கணக்கு எழுத வேண்டும் என்பதால் சூப்பர்வைசர் வந்து யாரென்று கேட்டிருப்பார், அட்டையைப் பார்த்திருப்பார். அதனால் விடவில்லை. கட்டுப் போட்ட நர்ஸ் விபத்துப் புத்தகத்தைத் திறந்து பேர் கேட்டபோது நாத்தனார் பேரைச் சொன்னாள். கை எரிந்துகொண்டிருந்த நேரத்திலும் நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை.

விபத்துப் புத்தகம்!

அவள் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தாள். "வரேன்" என்றாள்.

"காப்பி குடிச்சிட்டுப் போங்க அண்ணி" என்றாள் நாத்தனார், மனசார.

மனு கொடுத்த நாலாவது வாரம் இருவரையும் ஒரே நாளில் கூப்பிட்டார்கள். மூவரும் ஒரே வாடகைக் காரில் போனார்கள். இரண்டு கார் பிடிக்கும் குடும்பம் இல்லை அது. கணவர் முன்சீட்டில் உட்கார்ந்து டிரைவரிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். பின்சீட்டில் இரண்டு பெண்களுக்கும் நடுவில் நாத்தனாரின் ஊன்றுகோல் உட்கார்ந்து வந்தது. அலுவலகத்தை அடைந்ததும் கணவர் தங்கையைத் தாங்கி நாற்பத்திரண்டு படியும் ஏற்றிவிட்டு, மறுபடி இறங்கிப்போய்க் கீழே நின்றுகொண்டார். விசாரணை என்ற சொல் அவருக்குப் பிடிக்காது.

அதிகாரியம்மாள் இருவரையும் உள்ளறையில் உட்கார வைத்தாள். மேசை மேல் ஆஸ்பத்திரியிலிருந்து வரவழைத்த பழைய புத்தகத்தின் நகல் இருந்தது.

"அந்தப் பதினெட்டு மாசம் நீங்கதான் வேலை பாத்தீங்களாம்மா?" என்று நாத்தனாரைக் கேட்டாள்.

"வேற யாரு? அட்டை எம்பேர்லதான இருக்கு."

"உங்க அண்ணி தான்தான் பாத்ததா சொல்றாங்களே."

"அவங்களுக்கு மூச்சு முட்டுதும்மா. மூளைக்குக் காத்து சரியாப் போறதில்ல. பாவம்."

அதிகாரியம்மாள் நகலைத் திருப்பி வைத்தாள். "இதுல ஒரு விபத்து இருக்கு. உங்க பேர்லதான். இடது முன்கை, உருளை, தீக்காயம். ஆறு வாரம் கட்டு."

அவளிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. இதைப் பற்றி மட்டும் அவள் நினைத்துப் பார்த்ததில்லை. இன்னொருத்தி கையை நினைத்துப் பார்ப்பது அவள் பழக்கம் இல்லை.

"ரெண்டு பேரும் இடது கையைக் காட்டுங்க" என்றாள் அதிகாரியம்மாள். பிறகு உருளைக்காரியைப் பார்த்து, குரலை இறக்கி, "ஒரு தடவை நான் எழுதிட்டா திரும்ப மாத்த முடியாதும்மா. யோசிச்சுதான் சொல்றீங்களா?" என்றாள்.

அந்தக் கேள்விக்குள் ஒரு கதவு திறந்தே இருந்தது. உருளைக்காரிக்கு அது தெரியவில்லை. தன்னை நம்பாமல் கேட்கிறாள் என்று நினைத்தாள். அறுபத்தைந்து வயதில் முதல்முறையாக, தான் செய்த வேலையைத் தான்தான் செய்தேன் என்று சொல்ல ஒரு இடம் கிடைத்திருந்தது. யோசிக்கவா அங்கே வந்தாள்? சட்டைக் கையைச் சரசரவென்று சுருட்டி மேசை மேல் வைத்தாள். பக்கத்தில் நாத்தனாரின் கை வந்து படுத்தது. கொழுகொழுவென்று, ஒரு கொசுக்கடிகூட இல்லாமல்.

அதிகாரியம்மாள் இரண்டு கைகளையும் பார்த்தாள். எழுதினாள். நெடுநேரம் எழுதினாள்.

"நீங்க சொன்னது உண்மைதாம்மா."

உருளைக்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எனக்குத் தெரியும்மா" என்றாள்.

"அந்தப் பதினெட்டு மாசம் இவங்க வேலை பாக்கலைங்கறது நிரூபணம் ஆயிடுச்சு. அதனால இவங்க கணக்குலேர்ந்து எடுத்துடறோம். நூத்திப் பதிமூணுதான் நிக்குது. அடுத்த மாசத்துலேர்ந்து இவங்க கார்டு செல்லாது."

நாத்தனார் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தாள். "அப்ப என் காலு?"

"போட்ட காலைத் திருப்பிக் கேக்க மாட்டோம்மா" என்றாள் அதிகாரியம்மாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

"எனக்கு நூத்தி இருபத்திரெண்டு ஆச்சுல்லம்மா?" என்றாள் உருளைக்காரி.

"புரியுதும்மா. ஆனா அடுத்தவங்க பேர்ல பாத்த வேலையச் சட்டப்படி வேலைன்னே எடுத்துக்க முடியாது. அது உங்களுக்குச் சேராது. யாருக்கும் சேராது."

"நான்தான பாத்தேன். இப்பதான உண்மைன்னு சொன்னீங்க."

"உண்மைதாம்மா."

"அப்புறம்?"

"உண்மைதான். செல்லாது." அதிகாரியம்மாள் நகலை மடித்து உறைக்குள் போட்டாள். "காப்பீட்டுத் தொகை முழுசையும் நீங்களே மாசாமாசம் கட்டினா இப்பவே சேந்துக்கலாம். உங்க வீட்டுக்காரர் பென்ஷன் எவ்வளவு?" தொகையை ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டினாள். அது பென்ஷனைவிடப் பெரிதாக இருந்தது. உருளைக்காரி அந்தத் தாளை நாலாக மடித்தாள். முனைகள் நான்கும் மயிரிழை பிசகாமல் பொருந்தின.

பதினெட்டு மாதமாக வெளுத்து, உலர்ந்து, மடிந்து போன அந்த ஆயிரக்கணக்கான விரிப்புகளில் யார் யாரோ படுத்தார்கள், பிழைத்தார்கள், செத்தார்கள். அவர்கள் படுத்தது உண்மை. விரிப்பு உண்மை. சூடு உண்மை. அதை நுழைத்த ஆள் மட்டும் இப்போது ஒருத்தியும் இல்லை என்று ஒரு உறைக்குள் எழுதி ஒட்டியாயிற்று.

வெளியே படிக்கட்டின் தலைப்பில் இருவரும் நின்றார்கள். இறங்குவது நாத்தனாருக்கு ஏறுவதைவிடக் கஷ்டம், சொந்தக் கால் மடங்காது. உருளைக்காரியின் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டு படி இறங்கினாள். அவள் கனத்தில் உருளைக்காரிக்குக் கண் இருட்டியது. சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

"சந்தோஷமா அண்ணி?" என்றாள் நாத்தனார். அழுதுகொண்டிருந்தாள். அப்போதும் நீங்க என்றுதான் சொன்னாள். "நீங்களும் சாகப் போறீங்க, என்னையும் முடமாக்கிட்டீங்க. கையக் காட்டுறீங்க, கைய. அந்தக் கையோட உருளைக்குள்ளயே போயிருக்கலாமே."

"நான் ஒழுங்காத்தான் நுழைச்சேன்" என்றாள் உருளைக்காரி.

சத்தம் கேட்டுக் கணவர் கீழிருந்து விறுவிறுவென்று ஏறி வந்தார். எழுபது வயசுக்கு நல்ல நெஞ்சு.

"என்னாச்சு? யாருக்குன்னு முடிவாச்சு?"

"யாருக்கும் இல்லண்ணே" என்று நாத்தனார் பெருங்குரலில் அழுதாள். படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது.

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருத்தி கத்துகிறாள். ஒருத்தி சுவரில் சாய்ந்து பையில் எதையோ தேடுகிறாள். அவர் தங்கையின் கையை எடுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டார். "மெதுவா, மெதுவா. காலை நேரா வை" என்று ஒவ்வொரு படியாக இறக்கினார். திருப்பத்தில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ நடந்துடுவல்ல? மெதுவா வா. காரைப் பிடிச்சு வைக்கிறேன்."

உருளைக்காரி படியில் உட்கார்ந்தாள். நெஞ்சுக்குள் கதவு படபடவென்று அடித்துக்கொண்டது. இடது சட்டைக் கை இன்னும் சுருட்டியே இருந்தது. அதை இறக்கிவிட வலது கை ஒத்துழைக்கவில்லை.

கீழிருந்து ஒரு பெண் ஏறி வந்தாள். இவள் வயசுதான் இருக்கும். தலைக்குச் சாயம் பூசி, பிளாஸ்டிக் உறையில் காகிதங்களை நெஞ்சோடு அணைத்திருந்தாள். இவளருகே வந்ததும் நின்றாள்.

"காப்பீட்டுக் கார்டு எடுக்கற எடம் இதானேக்கா?"

"இதான். இன்னும் ரெண்டு படி."

"எல்லாக் காகிதமும் கொண்டாந்துட்டேன். ஒண்ணு குறைஞ்சாலும் திருப்பி அனுப்பிடுவாங்களாம்."

"வேலை பாத்ததெல்லாம் உங்க பேர்லதான இருக்கு?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா கேட்டீங்க போங்க. நம்ம வேலைய வேற யார் பேர்ல பாப்பாங்க?"

உருளைக்காரி கால்களைச் சுவரோரம் ஒடுக்கிக்கொண்டு அவளுக்கு வழி விட்டாள்.